ஏரி நடுவில் நான், ரோட்டில் என் பஸ்

ஏலகிரி மலையில், புங்கனூர் ஏரிக்கு நட்டநடுவில், அன்னப்பறவை மாதிரி செய்த ஒரு மிதிபடகு. அதில் நான் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆரஞ்சு கலர் மிதவைச் சட்டை கழுத்தை இறுக்குகிறது. வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறிக் கிடக்கிறது.

கரையில் என் பஸ் நிற்கிறது. என் அம்மா பேரை, ராஜாத்தி என்று, முன்கண்ணாடிக்கு மேலே சிவப்பில் எழுதி வைத்திருக்கும் என் சொந்தப் பஸ். அது ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்தது. பிறகு என்னை அங்கேயே விட்டுவிட்டு மெதுவாக நகர ஆரம்பித்தது.

"டேய் ஏழுமல! நான் இங்க கீறேண்டா! நிறுத்துடா!"

என் குரல் தண்ணீர் மேல் போய், எதிர்க்கரை மரங்களில் பட்டு, என்னிடமே திரும்பி வந்தது. பக்கத்துப் படகில் புதுப் பெண்டாட்டியோடு வந்த ஒரு பையன் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"சார், அது உங்க பஸ்ஸா?"

"என் பஸ்ஸுதான்."

"உங்களை உட்டுட்டுப் போவுதே சார்!"

"தெரியுது. நீ மிதி."

மூன்று நிமிஷம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிற தொடர் இது. நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். அதிலும் கடைசி வருஷம் முக்கால்வாசி நாள் மாட்டுக்குப் பின்னால்தான் இருந்தேன். இன்றைக்கு ஒரகடம் ரோட்டில் விடியற்காலையில் நின்று பாருங்கள். கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்களில் பதினான்கு என்னுடையவை. அத்தனையும் நானே தேடித் தேடி வாங்கியது. மாமனார் கொடுத்தது என்று ஊரில் ஒருவன் சொல்லித் திரிகிறான். என் மாமனார் கொடுத்தது ஒரு சைக்கிள். அதற்கும் மணி அடிக்காது.

என் தொழிலின் ரகசியம் மூன்று நிமிஷம்.

முதலில் என்னிடம் ஒரே ஒரு பழைய வேன்தான் இருந்தது. நானே ஓட்டுவேன். படப்பையிலும் வழியிலும் பையன்களை ஏற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்குப் போவேன். எல்லாம் தென்மாவட்டத்திலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்த பிள்ளைகள். ஒரு நாள் ஒருத்தன் வரவில்லை. தூங்கிவிட்டிருப்பான், பாவம் என்று நின்றேன். இதோ வருகிறான், இதோ வருகிறான் என்று பார்த்துக்கொண்டே நேரம் போய்விட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட்டை மூடிவிட்டார்கள். வேன் நிறைய இருந்த பிள்ளைகளுக்கு அன்றைக்கு அரைநாள் சம்பளம் போச்சு. ஒருத்தனும் என்னைத் திட்டவில்லை. கேட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்றைக்குப் போட்ட சட்டம்தான் இது. ஒரு ஹாரன். மூன்று நிமிஷம். டிரைவர் கண்ணாடியில் பார்ப்பான். எல்லா சீட்டிலும் தலை தெரிந்தால் உடனே எடுத்துவிடுவான். தெரியாவிட்டாலும் மூன்றாவது நிமிஷம் முடிந்தால் எடுத்துவிடுவான். புதிதாகச் சேருகிற ஒவ்வொரு டிரைவரிடமும் நானே நேரில் சொல்வேன்.

"என்னப் பெத்த அப்பனே ரோட்டுல ஓடியாந்தாலும் நிக்காத. நானே ஓடியாந்தாலும் நிக்காத."

ராஜாத்தியை ஓட்டுகிற ஏழுமலை என்னிடம் இருபது வருஷமாக இருக்கிறான். நான் சொன்னது எதையும் மறக்காதவன். அதுதான் அவனிடம் இருக்கிற ஒரே குறை.

ராஜாத்திக்கு வேலை இல்லை

ராஜாத்தி மட்டும் கம்பெனி வண்டி இல்லை. சாய்வு சீட்டு, ஜன்னலுக்கு நீலத் திரை, உள்ளே கலர் விளக்கு என்று டூருக்காகவே ஆசைப்பட்டு வாங்கிய பஸ். வாங்கி எட்டு மாதம் ஷெட்டிலேயே நின்றது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அதற்கு எலுமிச்சம்பழம் கட்டி சாம்பிராணி போடுவேன். என் வீட்டுக்காரி வாசலில் நின்று பார்ப்பாள்.

"பஸ்ஸு வாங்குனியா, கோயிலு கட்டினியா? இன்னும் உண்டி ஒண்ணுதான் பாக்கி."

இதற்குப் பதில் சொல்ல எனக்கு வழி வேண்டியிருந்தது.

வழி ஒன்று வந்தது. எலக்ட்ரானிக் பொருள் செய்கிற ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். பன்னிரண்டு உற்பத்தி லைன், லைனுக்கு நாற்பது பெண் பிள்ளைகள். ஒவ்வொரு லைனையும் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மலைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அவர்களுடைய வெல்ஃபேர் மேடம் ஏற்பாடு செய்தார். அமுதா மேடம். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். மெட்ராஸ் டூர் கம்பெனி ஒன்றும் அந்த வேலையைக் கேட்டது, நானும் கேட்டேன்.

"முதல் லைனை நீங்க கூட்டிட்டுப் போங்க. நானும் வரேன். திருப்தியா இருந்தா பன்னிரண்டும் உங்களுக்கு. இல்லைன்னா அவங்களுக்கு" என்றார். பிறகு அந்தக் கண்ணாடிக்கு மேலான பார்வை. "ஏலகிரி உங்களுக்குப் பழக்கமான ஊர்தானே?"

"என் வூட்டுக் கொல்லை மாதிரிம்மா" என்றேன்.

அதுவரைக்கும் ஏலகிரியை நான் நெடுஞ்சாலையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். பெங்களூர் போகும்போது இடது பக்கம் தெரியும்.

அன்று சாயங்காலமே எங்கள் டயர் கடைக்காரனைப் பிடித்தேன். அவன் கல்யாணமான புதிதில் அங்கே போய் வந்தவன். அவன் சொல்லச் சொல்ல மருமகள் எழுதினாள். பார்க்க வேண்டிய இடங்கள் பத்து. டெலஸ்கோப், பூங்கா, படகு, நிலாவூர் ஏரி, முருகன் கோயில், சாமிமலை ஏற்றம், இப்படிப் பத்து. பத்தையும் நான் என் தொழில்முறைப்படி ஒழுங்குபண்ணினேன். ஒரு இடத்துக்கு இருபது நிமிஷம். ஹாரன். மூன்று நிமிஷம். அடுத்த இடம். மெட்ராஸ்காரன் ஆறு இடம் காட்டுவதாகச் சொல்லியிருந்தான். நான் பத்து. நீங்களே சொல்லுங்கள், எது பெரிது?

பத்தில் மூன்று

விடியற்காலையில் ஒரகடத்து விடுதி வாசலில் கிளம்பினோம். நாற்பது பெண்கள், மேடம், நான். மொத்தம் நாற்பத்திரண்டு சீட்டு, நாற்பத்திரண்டு தலை. கதவுப் பக்கத்து முதல் சீட்டு என்னுடையது. துண்டு போட்டுப் பிடித்து வைத்திருந்தேன்.

வேலூர் தாண்டுகிற வரைக்கும் பாட்டு. ஆம்பூர் பக்கம் பிரியாணி வாசனை ஜன்னல் வழியாக வந்து பாட்டை நிறுத்தியது. பிறகு பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் "ஓ" என்று கத்தினார்கள். ஏழாவது வளைவில் காது அடைத்தது. ஒன்பதாவதில் காற்று மாறியது, ஈர மண்ணும் இலையும் கலந்த ஒரு வாசனை. எனக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கொல்லைப்பக்கம் போகிறவனுக்குச் சிலிர்க்குமா?

டெலஸ்கோப்பில் மேகம் அடைத்திருந்தது. முத்துப்பேச்சி முதல் ஆளாகப் போய்க் கண்ணை வைத்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், அந்த லைனுக்கே வாய் அவள்தான்.

"தாத்தா, வெள்ளையால்லா இருக்கு. ஒண்ணும் தெரியலியே."

"அதான் மேகம். பாத்தாச்சில்ல, ஏறு."

பூங்காவில் ஒரு பெண் பூவைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தாள், ஹாரன் அடித்துவிட்டது. பஸ்ஸில் ஏறும்போது முத்துப்பேச்சி என் முன்னால் நின்றாள்.

"தாத்தா, லைன்ல பெல்லு அடிக்கும். விடுதியில விசில் அடிக்கும். இங்க நீங்க ஹாரன் அடிக்கிய. நாங்க மலைக்கு வந்திருக்கோமா, ஓவர்டைம் பாக்க வந்திருக்கோமா?"

பஸ்ஸே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. ஒரு சின்ன நோட்டில் எதையோ எழுதினார். மெட்ராஸ்காரன் முகம் கண்ணில் வந்தது. இன்னும் வேகமாகப் போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பஸ்காரன் புத்தி அப்படித்தான் ஓடும்.

மூன்றாவது இடம் படகு. இருபது நிமிஷம் ஆனது, முப்பது ஆனது. பிள்ளைகள் ஏரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள், கூப்பிட்டால் கையை ஆட்டுகிறார்கள். சரி, நானே போய் ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினேன். போன் நனையக் கூடாது என்று சீட்டில், துண்டுக்கு அடியில் வைத்தேன். படகுக்காரர் தடுத்தார்.

"பெரியவரே, ரெண்டு பேரு மிதிக்கிற படகு. தனியாப் போவாதீங்க."

"தம்பி, நான் பதினாலு பஸ்ஸு ஓட்றவன்."

அங்கேதான் தப்பு. அந்தப் படகின் கைப்பிடியை லேசாகத் திருப்ப வேண்டுமாம். நான் பஸ் ஸ்டியரிங் மாதிரி முழுசாக ஒடித்தேன். அன்னப்பறவை சுற்ற ஆரம்பித்தது. எதிர்ப்பக்கம் ஒடித்தேன், அது எதிர்ப்பக்கம் சுற்றியது. நான் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் எல்லோரும் என்னைத் தாண்டிக் கரைக்குப் போய்விட்டார்கள். போகிற போக்கில் ஒருத்தி "தாத்தா, நல்லா சுத்துதா?" என்று கேட்டாள்.

பிறகு ஹாரன். மூன்று நிமிஷம். அதற்குமேல் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே.

என் போனில் யாரோ

படகுக்காரர் வேறொரு படகில் வந்து, என் படகைக் கயிறு கட்டி இழுத்துப் போனார். ஒரு மாட்டைப் பிடித்துப் போவது மாதிரிதான் இருந்தது. கரையில் நின்றவர்கள் போட்டோ எடுத்தார்கள்.

ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை. தகரக் கூரை, ஒரு பெஞ்சு, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி. கடைக்கார அம்மாவின் பெயர் கோவிந்தம்மா. என் கோலத்தைப் பார்த்ததும் கேட்காமலே போனைக் கொடுத்தார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, எனக்கு ஒருத்தர் நம்பரும் மனப்பாடம் இல்லை. என் நம்பர் மட்டும்தான் தெரியும். அதையே அடித்தேன்.

"ஹலோ, யாரு பேசுதிய?" முத்துப்பேச்சி.

"நாந்தாண்டி! பஸ் ஓனரு!"

"ஓனர் தாத்தாவா? ஒரு நிமிசம் இருங்க, பஸ்ஸுல இருக்காவளான்னு பாத்துச் சொல்லுதேன்."

"அடியே, பேசுறதே நாந்தான்!"

"அப்படியா! நீங்க பஸ்ஸுல இல்லியா தாத்தா?" பின்னால் நாற்பது பேரும் சிரிக்கிற சத்தம். "உங்க சீட்டுல ஆளு இருக்கே."

"என் சீட்டுல யாரு?"

"பலாப்பழம் விக்கிற அக்கா. நிலாவூருக்குத் தலைச்சுமையாப் போய்க்கிட்டு இருந்தாவ. நாங்கதான் ஏத்திக்கிட்டோம். தலை சரியா இருக்குன்னு டிரைவர் அண்ணாச்சி எடுத்துட்டாவ."

ஏழுமலையைக் கூப்பிடச் சொன்னேன். வந்தான்.

"டேய், நான் ஏரியில நின்னுகினு கத்தினேனே, கேக்கலியா?"

"கேட்டுது மொதலாளி. கண்ணாடியிலயும் பாத்தேன்."

"பாத்துட்டுமா எடுத்த?"

"மூணு நிமிசம் ஆயிடுச்சே. நானே ஓடியாந்தாலும் நிக்காதன்னு நீங்கதான சொல்லிக்கீறீங்க. நீங்க ஓடக்கூட இல்ல."

அதற்குள் போன் மேடம் கைக்குப் போய்விட்டது.

"அய்யா, இங்க நிலாவூர்ல இருக்கோம். அடுத்த இடம் எதுன்னு தெரியல, லிஸ்ட் உங்க பாக்கெட்ல இருக்கு. பொண்ணுங்களும் இங்கேயிருந்து நகர மாட்டேங்கறாங்க. நீங்க அங்கேயே இருங்க. நாலு மணிக்கு வந்து ஏத்திக்கறோம்."

"இல்லம்மா, எதுனா வண்டி பிடிச்சி இப்பவே வந்துடறேன்..."

"வேண்டாம். அங்கேயே இருங்க."

அந்தக் குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தேன். பன்னிரண்டு லைனும் மலையிலிருந்து உருண்டு போகிற மாதிரி இருந்தது. பத்து இடம் என்று சொல்லிவிட்டு மூன்றைக் காட்டியவன். அதிலும் ஒன்று மேகம்.

பார்க்க வேண்டிய இடம்

பெஞ்சில் உட்கார்ந்தேன். உடனே எழுந்தேன். ரோட்டுக்குப் போனேன், திரும்பி வந்தேன். கோவிந்தம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சாமி, ஏன் இப்படி நடக்கறீங்க? ஒக்காருங்க."

"இந்த ஊர்ல பாக்க வேண்டிய எடம் இன்னா இன்னாம்மா கீது? பக்கத்துல எதுனா இருந்தா பாத்துட்டு வந்துடறேன்."

அவர் யோசித்தார்.

"தெரியாதே சாமி. நான் எங்க போறேன்? இங்கதான் ஒக்காந்திருப்பேன்."

சரி என்று நானும் உட்கார்ந்தேன்.

டீ வந்தது. இஞ்சி தட்டிப் போட்டது. மிளகாய் பஜ்ஜி வந்தது. மேல்மாவு மொறுமொறுப்பு, உள்ளே மிளகாய் கண்ணில் தண்ணி வரவழைக்கும். அந்தக் குளிரில் அந்தக் காரம் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்குப் படிப்புப் பத்தாது. இன்னொரு தட்டு வாங்கினேன். ஒரு மேகம் ரோட்டின் மேலேயே நடந்து வந்தது. எதிரே நின்ற பஸ் நிறுத்தப் பலகை மறைந்தது, ஒரு நாய் மறைந்தது, எண்ணெய்ச் சட்டி வரைக்கும் வந்து நின்று, பிறகு போய்விட்டது. நாய் முதலில் திரும்பக் கிடைத்தது. நான் அதை நாய்க்கு இருக்கிற நிம்மதியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டால், தூங்கிவிட்டேன். என் தொழில் வாழ்க்கையில் பகலில் நான் தூங்கியது அதுதான் முதல் தடவை. ஜுரத்தில்கூடத் தூங்காதவன் நான். இதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

ஹாரன் சத்தம் எழுப்பியது. ராஜாத்தி வந்து நின்றாள்.

கதவைத் திறந்ததும் பலாப்பழ வாசனை என்னை அப்படியே பின்னால் தள்ளியது. அந்தப் பலாப்பழ அக்கா எல்லோரையும் தன் வீட்டு மரத்தடிக்கு அழைத்துப் போய்விட்டாராம். மூன்று பழம் வெட்டினார்களாம். ஊர்ப் பெண்களும் சேர்ந்துகொண்டு கபடி ஆடினார்களாம். பாதிப் பேர் புல்லிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். தலையில் சருகு, பாவாடையில் மண். மேடத்தின் புடவைக் கரையெல்லாம் பச்சைக் கறை. அவர் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி விரலில் ஒட்டிய பலாப் பிசினை எடுத்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் காணோம். அது முத்துப்பேச்சி மூக்கில் இருந்தது.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கப்பட்டவன் இல்லை. "எனக்கு இந்த ஊரு..."

"முதல்ல பிசினை எடுக்கறேன் அய்யா" என்றார். அவ்வளவுதான். இறங்கி வருகிற வழியெல்லாம் பிள்ளைகள் தூங்கினார்கள். பதினான்கு வளைவுக்கும் ஒரு "ஓ" இல்லை. நான் மட்டும் முழித்துக்கொண்டிருந்தேன், மத்தியானமே தூங்கிவிட்டதால்.

மூன்றாவது நிபந்தனை

நான்கு நாள் கழித்துக் கம்பெனிக் கடிதம் வந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதற்குப் பொறுமை இல்லை. மருமகளை வாசலிலேயே நிறுத்திப் படிக்கச் சொன்னேன். வீட்டுக்காரியும் வந்து நின்றாள். ஏழுமலை கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றான்.

"பன்னிரண்டு லைன் சுற்றுலாவும் உங்க பஸ்ஸுக்குத் தர்றதா எழுதியிருக்காங்க மாமா."

நான் ஏழுமலையைக் கட்டிப் பிடித்தேன். டீசல் வாசனையோடு ஒரு குதி குதித்தோம். வீட்டுக்காரி உள்ளே போய் ராஜாத்திக்குச் சுற்றிப்போட மிளகாய் எடுத்து வந்தாள். கோயிலு என்று சொன்ன அதே வாய்.

"இருங்க மாமா, நிபந்தனை இருக்கு" என்றாள் மருமகள். "ஒண்ணு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம்தான். ரெண்டு, அங்க ஹாரன் அடிக்கக் கூடாது. மூணு..." அவள் நிறுத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மூணு இன்னா? படி."

"பஸ் உரிமையாளர் சுற்றுலா இடத்துக்கு வரக் கூடாதாம். வழியில உள்ள டீக்கடையில இறங்கி, பஸ் திரும்பி வர்ற வரைக்கும் அங்கேயே இருக்கணுமாம்."

சிரித்து முடிக்க எங்கள் வாசலுக்கு வெகுநேரம் ஆனது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய? மேடம் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கீழே கம்பெனி முத்திரையும் இருக்கிறது.

அடுத்த மாதமே இரண்டாவது லைன். வேறு நாற்பது பெண்கள், அதே பாட்டு, அதே பதினான்கு "ஓ". கோவிந்தம்மா கடை முன்னால் ஏழுமலை பஸ்ஸை நிறுத்தினான். ஹாரன் அடிக்காமல், கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

"ஏன் அண்ணாச்சி, தாத்தா நம்ம கூட வரலியா?" என்று ஒரு பெண் ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டாள்.

"அவரு வரமாட்டாரு" என்றான் ஏழுமலை, கியரைப் போட்டுக்கொண்டே. "காண்ட்ராக்ட்டுல கீது."

பஸ் கிளம்பியது. நாற்பது கை ஜன்னலுக்கு வெளியே நீண்டு எனக்கு டாட்டா காட்டியது. பதிலுக்குக் காட்ட எனக்குக் கை இல்லை. ஒன்றில் டீ, இன்னொன்றில் பஜ்ஜி.